பட்டைத் துவர்ப்பும் பாக்குத் துவர்ப்பும்

தாராவியில் தோல் பதனிடும் கூடங்கள் வரிசையாக இருந்த நாட்களில் அந்தப் பக்கம் போகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் போவார்கள். பச்சைத் தோலின் முடை நாற்றம், சுண்ணாம்புத் தொட்டியின் நெடி, இவை இரண்டுக்கும் மேலாகப் பட்டைச் சாற்றின் வாசனை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளிலிருந்தே நெல்லைச் சீமையிலிருந்து கப்பலேறாமல் ரயிலேறி வந்தவர்கள் இந்தத் தொழிலை இங்கே வளர்த்தார்கள். பாந்திராவில் இருந்த கசாப்புக் கூடம் 1971-ல் தேவனாருக்கு மாறியது. பிறகு தோல் கூடங்களும் ஒவ்வொன்றாக நகருக்கு வெளியே போயின. பையும் பெல்ட்டும் தைக்கும் பட்டறைகள் மட்டும் இன்றைக்கும் தாராவியில் நிலைத்திருக்கின்றன.

பதனிடும் வேலை தெரிந்தவர்களுக்கு அதன் ரகசியமும் தெரியும். உரித்த தோல் இரண்டு நாள் சும்மா கிடந்தால் அழுகிவிடும். அதைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிரை நீக்கி, சதையை வழித்தெடுத்து, பிறகு பட்டைச் சாற்றில் போடுவார்கள். தமிழ்நாட்டில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் பேர் பெற்றவை. நாள் ஆக ஆகச் சாறு தோலுக்குள் ஏறும். கொழகொழவென்று இருந்தது இறுகும். அதன் பிறகு அது அழுகாது, கிருமி தின்னாது, செருப்பாக வருஷக் கணக்கில் உழைக்கும்.

இந்த மாற்றத்தைச் செய்வது பட்டையில் உள்ள துவர்ப்பு. அதற்கு விஞ்ஞானிகள் வைத்திருக்கும் பெயர் டானின்.

கடுக்காயை நாக்கில் வைத்தால் வாய் இழுத்துப் பிடிப்பது போல் இருக்கிறதே, அது டானினின் வேலைதான். வாயை அப்படியே இழுத்துப் பிடிக்கும் இன்னொரு பொருள் நம் வீட்டிலேயே இருக்கிறது. அது பாக்கு. மாட்டுங்கா கடைத்தெருவில் வாழை இலைக்கும் கதம்பத்துக்கும் பக்கத்தில் கொட்டைப் பாக்காகவும் சீவலாகவும் கிடைக்கும் அதே பாக்கு. செம்பூரில் கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையில் போட்டுக் கொடுக்கும் அதே பாக்கு.

தோல் கூடத்தில் ஆட்டுத் தோலுக்கு நடந்தது, பாக்கை ஓயாமல் கன்னத்தில் அடக்கி வைப்பவரின் வாய்க்குள்ளும் ஓரளவு நடக்கிறது. இது வெறும் உவமை அல்ல. 1987-ல் ஸ்கட், மெக்ஜி, ஹார்வி முதலிய ஆராய்ச்சியாளர்கள் ஒரு விஞ்ஞான இதழில் இதை விளக்கினார்கள். பாக்கின் துவர்ப்புப் பொருள்கள் பட்ட நாரை, அதைச் சிதைக்கும் நொதியால் எளிதில் சிதைக்க முடியவில்லை என்று அவர்கள் காட்டினார்கள். பதனிட்ட தோலைக் கிருமி தின்னாததற்கும் காரணம் இதுவே.

மூன்று இழைக் கயிறு

தோலிலும் வாயின் உட்சதையிலும் இருக்கும் அந்த நாருக்கு கொலாஜன் என்று பெயர். நம் உடம்பில் உள்ள புரதத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இதுதான். இதன் வடிவத்தைக் கண்டுபிடித்த பெருமை சென்னைக்கு உண்டு. சென்னைப் பல்கலைக் கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்தாவும் 1954-ல் ஒரு வடிவத்தை வெளியிட்டு, 1955-ல் அதைத் திருத்தி, மூன்று இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்ட கயிறு என்று உலகுக்கு அறிவித்தார்கள். மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் அடையாற்றில், அவர்கள் இருந்த கிண்டிக்குப் பக்கத்திலேயே இருந்தது. தோலைப் பற்றிய அறிவும் உடம்பைப் பற்றிய அறிவும் அண்டை வீட்டுக்காரர்களாக இருந்த ஊர் அது.

இந்தக் கயிறு ஒரு முறை திரித்தால் ஆயுளுக்கும் அப்படியே இருக்கும் என்று நினைக்கக் கூடாது. உடம்பு புதுக் கயிற்றைத் திரித்துக்கொண்டே இருக்கிறது; பழையதை அறுத்து அப்புறப்படுத்திக்கொண்டே இருக்கிறது. வரவும் செலவும் சரியாக இருக்கும் வரை கன்னத்தின் உட்புறம் மெத்தென்று இருக்கும்.

பாக்கு இந்தக் கணக்கை மூன்று பக்கமும் கெடுக்கிறது. அதில் உள்ள அரிகோலின் என்ற பொருள், நார் திரிக்கும் உயிரணுக்களைத் தூண்டி அதிகமாகத் திரிக்க வைக்கிறது. துவர்ப்பு, பழைய நாரை அறுக்க விடாமல் தடுக்கிறது. மூன்றாவது, பாக்கில் உள்ள செம்புச் சத்து. கயிறுகளை ஒன்றோடு ஒன்று முடிச்சுப் போடும் லைசில் ஆக்சிடேஸ் என்ற நொதி செம்பு இருந்தால்தான் வேலை செய்யும். இலங்கையைச் சேர்ந்த சமன் வர்ணகுலசூரிய இடம்பெற்ற குழு 1999-ல் வெளியிட்ட ஆய்வில், இப்படி இறுகிய வாயிலும் வாய்ப் புற்றிலும் இந்த நொதி மிகுந்திருப்பதைக் காட்டியது.

ஒற்றை அறை வீட்டில் சாமான் வந்துகொண்டே இருக்கிறது, எதுவும் வெளியே போகவில்லை, வந்ததையெல்லாம் ஒன்றோடு ஒன்று சேர்த்தும் கட்டிவிட்டார்கள் என்றால் எப்படி இருக்கும்? கடைசியில் கதவே திறக்காது. இந்த நோயில் திறக்காமல் போவது வாய்.

பம்பாயில் பெயர் பெற்ற நோய்

1952-ல் ஷ்வார்ட்ஸ் என்பவர், கென்யாவில் குடியிருந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் இந்த நிலையைக் கண்டு எழுதினார். மறு ஆண்டு, 1953-ல், பம்பாயின் காது மூக்கு தொண்டை டாக்டர் எஸ். ஜி. ஜோஷி இதைத் தனி நோயாக விவரித்து, உட்சவ்வுக்கு அடியில் நார் கட்டுவது என்ற பொருளில் பெயரிட்டார். இன்றைக்கும் உலகம் முழுவதும் பல் டாக்டர்கள் அந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

பயங்கரமான செய்தி அதற்கு மூன்று வருஷம் கழித்து வந்தது. பரேலில் 1941 பிப்ரவரி 28-ல் திறக்கப்பட்ட டாட்டா நினைவு ஆஸ்பத்திரியின் டாக்டர் ஜே. சி. பேமாஸ்டர், தாம் கண்ட இத்தகைய நோயாளிகளில் மூன்றில் ஒரு பங்கினருக்குப் புற்று வளர்ந்திருந்ததாக 1956-ல் எழுதினார்.

மூன்றில் ஒன்றா என்று திகைக்க வேண்டாம். புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் நோய் முற்றியவர்களாகத்தான் இருப்பார்கள். அங்கே எடுத்த கணக்கு ஊருக்குப் பொருந்தாது. கொலாபாவில் உள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் பல் ஆராய்ச்சிப் பிரிவு வீடு வீடாகப் போய் வேறு விதமாகக் கணக்கெடுத்தது. டாக்டர் பாலி மேத்தாவும் டென்மார்க் நாட்டுப் பேராசிரியர் பிண்ட்போர்க்கும் இந்த வேலையில் முன்னின்றவர்கள். கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டத்தில் இந்த நோய் கண்ட 66 பேரை அவர்கள் 17 ஆண்டுகள் விடாமல் பின்தொடர்ந்தார்கள். ஐந்து பேருக்குப் புற்று வந்தது. அதாவது 7.6 சதவிகிதம். 1985-ல் வந்த இந்தக் கணக்கையே டாக்டர்கள் பெரிதும் எடுத்துக்காட்டினார்கள். மூன்றில் ஒன்று இல்லைதான். ஆனால் பதின்மூன்று பேரில் ஒருவர் என்பதும் அலட்சியப்படுத்தும் கணக்கல்ல.

‘எனக்குப் புகையிலைப் பழக்கமே கிடையாது, வெறும் பாக்குத்தான்’ என்று பெருமையோடு சொல்கிறவர்கள் நம்மில் ஏராளம். அவர்கள் ஒரு சங்கதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-ல் வெளியிட்ட அறிக்கையில், புகையிலை சேராத பாக்கையே மனிதருக்குப் புற்று உண்டாக்கும் பொருள் என்று முதல் வகையில் சேர்த்துவிட்டது. சிகரெட் இருக்கும் அதே வகை.

உயிரணு நடக்கும் பாதை

வாய் இறுகுவதற்கும் புற்று வருவதற்கும் என்ன சம்பந்தம்? பாக்கிலும் புகையிலையிலும் உள்ள விஷங்கள் உயிரணுவின் மரபுப் பொருளைக் கெடுக்கின்றன. புற்றின் விதை அங்கே விழுகிறது. இதை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் விதை விழுந்த நிலம் எப்படிப்பட்டது என்பதும் முக்கியம் என்பதை விஞ்ஞானிகள் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனிக்கத் தொடங்கினார்கள்.

புற்று ஆளைக் கொல்வது பெரும்பாலும் அது முளைத்த இடத்தில் இருந்துகொண்டு அல்ல. அங்கிருந்து கிளம்பி நடந்து, கழுத்தில் நெறி கட்டி, நுரையீரலிலும் எலும்பிலும் குடியேறித்தான் கொல்கிறது. நடந்து என்று சொல்வது சரியான வார்த்தை. பத்து, இருபது மைக்ரான் அளவே உள்ள ஓர் உயிரணு — ஒரு தலைமயிரின் தடிமனில் நான்கில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம் — முன்பக்கம் தன் உடலை நீட்டி, தரையைப் பற்றி, இழுத்துக்கொண்டு, பின்பக்கத்தை விடுவித்துக்கொண்டு நகர்கிறது. பனை ஏறுகிறவர் மரத்தை அணைத்து உந்தி ஏறுவது போல. மரம் வழவழப்பாக இருந்தால் ஏற முடியாது. சொரசொரப்பு வேண்டும், உறுதியும் வேண்டும்.

இதை முதலில் காட்டியவர்களில் ஒருவர் அமெரிக்காவில் ஏல் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ராஸ் ஹாரிசன். அவர் செய்த காரியம் விசித்திரமானது. சிலந்தி வலையின் நூல்களின் மேல் கருவின் உயிரணுக்களை வளர்த்தார். அவை நூலைப் பிடித்துக்கொண்டு நூல் போன வழியே நீண்டு போயின. அந்த ஆய்வு 1914-ல் வெளிவந்தது. தரையில் வரி இருந்தால் உயிரணு வரி வழியே போகும் என்பது அன்றே தெரிந்துவிட்டது.

வரி மட்டும் அல்ல, இறுக்கமும் வழி காட்டும். யூ-லி வாங் என்பவரின் குழு 2000-ஆம் ஆண்டில், ஒரு பக்கம் மிருதுவாகவும் மறு பக்கம் கெட்டியாகவும் ஜெல்லி போன்ற ஒரு தளத்தைச் செய்து அதில் உயிரணுக்களை விட்டது. மிருதுவான பக்கத்திலிருந்து வந்தவை எல்லைக்கு வந்ததும் தயங்காமல் கெட்டிப் பக்கம் ஏறின. கெட்டிப் பக்கத்திலிருந்து வந்தவை எல்லையைத் தொட்டதும் திரும்பிக்கொண்டன! கண் இல்லை, மூளை இல்லை. காலால் தடவிப் பார்த்தே மேட்டையும் சேற்றையும் கண்டுகொள்கின்றன. அவை புற்றுநோய் உயிரணுக்கள் அல்ல, நார் திரிக்கும் சாதாரண உயிரணுக்கள். பின்னால் பல வகைப் புற்று உயிரணுக்களும் இதே போல் கெட்டித் தரையை நாடுவதைக் கண்டார்கள். எல்லாம் அப்படி அல்ல. மூளைப் புற்றின் சில உயிரணுக்கள் மென்மையான பக்கம் போவதை 2022-ல் ஒரு குழு காட்டியிருக்கிறது.

அமெரிக்காவில் விஸ்கான்ஸின் ஆராய்ச்சியாளர்கள் 2006-ல் மார்பகக் கட்டிகளைச் சுற்றியுள்ள கொலாஜன் நார்களைப் படம் எடுத்தார்கள். ஆரம்பத்தில் நார்கள் சுருண்டும் கட்டியைச் சுற்றி வளைத்தும் கிடக்கின்றன, வேலி போல. பிறகு சில கட்டிகளில் அவை நேராகி, கட்டியிலிருந்து வெளிப்புறம் நோக்கி நீண்டு நிற்கின்றன. வேலியே சாலையாகிவிடுகிறது. புற்று உயிரணுக்கள் அந்தச் சாலைகளில் வரிசையாக வெளியேறுகின்றன. இப்படி நார்கள் நிமிர்ந்து நின்ற பெண்கள் குறைந்த காலமே உயிர் வாழ்ந்தார்கள் என்று 2011-ல் தெரியவந்தது.

2009-ல் வலேரி வீவரின் குழு எலிகளில் இன்னொன்றைப் பார்த்தது. முடிச்சுப் போடும் நொதி என்று மேலே சொன்னோமே, அதே லைசில் ஆக்சிடேஸ். அதைத் தடுத்து நிறுத்தியபோது மார்பகத் திசு அவ்வளவாக இறுகவில்லை. புற்றும் மெதுவாகவே முன்னேறியது. பாக்கு எந்த நொதிக்குத் தீனி போடுகிறதோ, அதே நொதி இங்கே புற்றுக்குப் பாதை போடுகிறது.

அப்படியானால் அந்த நொதியைத் தடுக்க மருந்து கொடுத்தால் தீர்ந்தது அல்லவா? அந்த ஆசையும் இருந்தது. நொதியின் நெருங்கிய உறவான இன்னொன்றைத் தடுக்கும் ஒரு மருந்தைக் கணையப் புற்று நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், பலன் தரவில்லை. எலியில் பலித்தது எல்லாம் மனிதனில் பலிப்பதில்லை.

பரேலில் கண்ட புதிர்

இவ்வளவையும் கேட்டவர், வாய் இறுகியவருக்கு வந்த புற்றுத்தான் மற்றதைவிட வேகமாகப் பரவும் என்று எண்ணுவார். ஆனால் 2013-ல் டாட்டா நினைவு ஆஸ்பத்திரியின் டாக்டர் பங்கஜ் சதுர்வேதியும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொன்னது. வாய் இறுகியவர்களுக்கு வந்த புற்று சிறிய வயதிலேயே, பெரும்பாலும் ஆண்களுக்கு வந்திருந்தது. ஆனால் கழுத்து நெறிகளுக்குப் பரவியது மற்றவர்களைவிடக் குறைவு.

இதற்கு ஒரு விளக்கம், நார் கட்டிய இடத்தில் நிணநீர்க் குழாய்கள் நெருக்குண்டு போயிருக்கலாம் என்பது. இன்னொன்றையும் இங்கே சேர்த்து எண்ணிப் பார்க்கலாம். நார் நேராகவும் ஓரளவு இடைவெளியோடும் இருந்தால் அது சாலை. மிக நெருக்கமாக முடைந்துவிட்டால் அது சுவர். பீட்டர் பிரீடலின் குழு 2013-ல் வெளியிட்ட ஆய்வின்படி, உயிரணு எவ்வளவோ நெளிந்து கொடுத்தாலும் அதன் நடுவில் உள்ள கரு நெளிவதற்கு ஓர் எல்லை உண்டு. கருவின் குறுக்குப் பரப்பில் பத்தில் ஒரு பங்குக்கும் சிறிய துளையானால், நாரை அறுக்கும் நொதி இல்லாமல் புற்று உயிரணு மேலே போக முடியாமல் நின்றுவிடுகிறது. தாராவிச் சந்தில் தலையும் தோளும் நுழைந்த பிறகு முதுகு மூட்டை சிக்கிக்கொள்வது போல.

ஆகவே தரையின் தன்மை புற்றுக்கு ஒரேயடியாக உதவுகிறது என்றும் சொல்ல முடியாது, தடுக்கிறது என்றும் சொல்ல முடியாது. எவ்வளவு இறுக்கம், எந்தத் திசையில் நார், எவ்வளவு இடைவெளி என்பதைப் பொறுத்தது. இதைத்தான் பல நாடுகளின் ஆய்வுக்கூடங்கள் அளந்துகொண்டிருக்கின்றன. மும்பையிலேயே, போவாய் ஐ.ஐ.டி.யில் ஷாமிக் சென், அபிஜித் மஜும்தார் ஆகியோரின் ஆய்வுக்கூடங்கள், உயிரணுக்கள் எந்தத் தளத்தில் எப்படி நகர்கின்றன என்ற ஆராய்ச்சியில் ஈடுபட்டு வந்திருக்கின்றன.

பரவல் குறைவு என்ற செய்தியைக் கேட்டு யாரும் பாக்குப் பொட்டலத்தைப் பிரித்துவிட வேண்டாம். குறைவாகப் பரவினாலும் அது புற்றுத்தான். கன்னத்தை வெட்டியெடுக்க வேண்டி வரும். இருபத்தைந்து வயதில் வருவதும் அறுபத்தைந்து வயதில் வருவதும் ஒன்றல்ல.

மூன்று விரல்

முன்பெல்லாம் வீட்டில் பெரியவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலையோடு ஒரு துண்டுப் பாக்கு போட்டார்கள். 1970-களில் பான் மசாலா டப்பாக்களும் பிறகு பிளாஸ்டிக் பொட்டலங்களும் வந்தபின் நிலைமை மாறியது. வெற்றிலை போயிற்று, காய்ந்த பாக்குத் தூள் மட்டும் நின்றது. பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதும் மெஷினில் உட்கார்ந்து தைக்கும்போதும் நாள் பூராவும் கன்னத்தில் அது ஊறுகிறது. தோலைச் சாற்றில் ஊறப்போடுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? மகாராஷ்டிர அரசு 2012-ல் குட்காவையும் பான் மசாலாவையும் தடை செய்தது. வெறும் பாக்கை யாரும் தடுக்கவில்லை. புகையிலையும் சுண்ணாம்பும் சேர்த்துத் தேய்த்த மாவா பழக்கமும் ஒழியவில்லை.

நோய் சத்தமில்லாமல் வருகிறது. முதலில் காரம் தாங்காது. நேற்று வரை மிளகாய் வற்றல் குழம்பு சாப்பிட்டவருக்கு இன்று ரசம் பட்டால் எரிகிறது. உடம்புச் சூடு என்று சொல்லி மோர் குடிப்பார். பிறகு கன்னத்தின் உட்புறம் வெளுத்து, தடவினால் கயிறு கயிறாகத் தட்டுப்படும். சீட்டியடிக்க வராது. நாக்கை முழுதாக நீட்ட முடியாது. கடைசியில் இட்லியைப் பிய்த்துத் திணிக்க வேண்டியதாகிறது. பாக்கை நிறுத்தினாலும் கட்டிய நார் தானாகக் கரைவது அரிது. ஊசி மருந்தும், ஐஸ்கிரீம் குச்சிகளை ஒவ்வொன்றாக அடுக்கிப் பல்லுக்கிடையே வைத்து வாயைத் திறக்கும் பயிற்சியும், முற்றியவர்களுக்கு ஆபரேஷனும் உண்டு. நிறுத்தியவருக்கு மேலும் இறுகாமல் காப்பாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. நிறுத்தாதவருக்கு எந்த வைத்தியமும் நிற்பதில்லை.

வாயைத் திறந்து பார்ப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதைத் திருவனந்தபுரம் மாவட்டத்தில் நிரூபித்துக் காட்டினார்கள். டாக்டர் ரெங்கசாமி சங்கரநாராயணன் தலைமையில் 1996 முதல் சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகப் போய், டார்ச் விளக்கு அடித்து, வாயை வெறும் கண்ணால் பார்த்தார்கள். 2005-ல் முடிவு வந்தது. புகையிலையோ மதுவோ பழக்கம் உள்ளவர்களில், இப்படிப் பார்க்கப்பட்ட பகுதியில் வாய்ப் புற்றால் இறந்தவர்கள், பார்க்கப்படாத பகுதியைவிட 34 சதவிகிதம் குறைவு. மிஷின் இல்லை, ஸ்கேன் இல்லை, டார்ச் விளக்குத்தான்.

டார்ச் விளக்கு அடிக்கவும் ஆள் இல்லாதவர்கள் வீட்டுக் கண்ணாடி முன் நின்று பார்க்கலாம். ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றின் மேல் ஒன்றாக நிமிர்த்தி மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே நுழைக்க வேண்டும். வளர்ந்தவர்கள் வாய் நாலு சென்டிமீட்டர் அளவாவது திறக்கும். மூன்று விரலும் தாராளமாக நுழையும். இரண்டு விரலே நுழைந்தாலும், வாயில் வெள்ளையோ சிவப்போ திட்டு இருந்தாலும், மூன்று வாரமாகியும் ஆறாத புண் இருந்தாலும் ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும். தாராவிக்காரர்களுக்கு சயான் ஆஸ்பத்திரி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. பல் ஆஸ்பத்திரி என்றால் மும்பை சென்ட்ரலில் நாயர் பல் மருத்துவக் கல்லூரியும், சி.எஸ்.எம்.டி. ஸ்டேஷன் பக்கம் அரசு பல் மருத்துவக் கல்லூரியும் உண்டு. மாட்டுங்காவிலிருந்து பரேல் இரண்டாவது ஸ்டேஷன்.